தீப்பெட்டியில் ஒரு கோபுரம், சிரட்டையில் ஒரு வயல்... பட்டாசு மண்ணில் குழந்தைகளுக்குப் புனிதர் கதைகள்!

டிசம்பர் 3 என்ன நாள் என்று விருதுநகர்ப் பக்கம் எந்தக் கத்தோலிக்க வீட்டில் கேட்டாலும் சவேரியார் திருநாள் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். மறுநாள் டிசம்பர் 4? பாட்டிகளே கொஞ்சம் யோசிப்பார்கள்.

அது புனித பார்பராவின் நாள். சுரங்கத் தொழிலாளர்கள், பீரங்கி வீரர்கள், பட்டாசு செய்கிறவர்கள் என வெடிமருந்தோடு பிழைக்கும் எல்லோருக்கும் பாதுகாவலராக உலகம் முழுவதும் மதிக்கப்படுகிறவர். பழைய போர்க்கப்பல்களில் வெடிமருந்து வைக்கும் அறைக்கு ஸ்பானிய மொழியில் 'சாந்தா பார்பரா' என்றே பெயர். இத்தாலியிலும் மால்டாவிலும் வாணவேடிக்கைக்காரர்கள் கொண்டாடும் இவரை, நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்து அனுப்புகிற சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் அதிகம் பேருக்குத் தெரியாது. இத்தனைக்கும், புனிதர்களின் படம் போட்ட காலண்டர்களை அச்சடித்து ஊர் ஊராக அனுப்புவதும் இதே சிவகாசிதான்!

குழந்தைகளுக்குப் புனிதர்களை அறிமுகப்படுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு இருக்கிறது. ஆனால், அங்கே ஒரு மணி நேரத்தில் 40 பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை, வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துவிடும். அதே கதையை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கையால் ஒன்றைச் செய்துகொண்டே கேட்டால் மறக்காது. இதற்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். பழைய காலண்டர், காலித் தீப்பெட்டி, தேங்காய்ச் சிரட்டை, ஒரு பிடி கரிசல் மண் போதும். கூடவே, இந்த வட்டாரத்துப் பெற்றோர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டிய இடங்களும் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

மூன்று ஜன்னல் வைத்த கோபுரம்

பார்பராவின் கதை இப்படிப் போகிறது. பணக்காரத் தந்தை, தன் ஒரே மகளை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கோபுரத்தில் அடைத்து வைக்கிறார். இரண்டு ஜன்னல் வைக்கச் சொல்லிவிட்டு வெளியூர் போகிறார். மகளோ, மறைவாகக் கிறிஸ்தவர் ஆனவர். தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளை நினைத்து மூன்றாவதாக ஒரு ஜன்னல் வைக்கச் சொல்கிறார். திரும்பி வந்த தந்தை, "எதற்கு மூன்று?" என்று கேட்க, உண்மையைச் சொல்லிவிடுகிறார். கோபம் கொண்ட தந்தையே மகளைக் கொல்ல, அடுத்த கணம் அவர் மேல் மின்னல் விழுகிறது. மின்னல், திடீர் நெருப்பு, திடீர் மரணம்... இந்த இணைப்பில்தான் வெடிமருந்துக்காரர்கள் பார்பராவைத் தங்கள் ஆளாக ஆக்கிக்கொண்டார்கள்.

இது மிகப் பழைய மரபுக் கதை. வரலாற்றுச் சான்று போதவில்லை என்பதால், 1969-ல் திருச்சபையின் பொது நாள்காட்டியிலிருந்து இந்த நாள் எடுக்கப்பட்டது. ஆனாலும் புனிதர் பட்டியலில் பார்பரா இருக்கிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதையும் சேர்த்தே சொல்லலாம். "கதைன்னா எல்லாம் நிஜமா?" என்று கேட்கிற வயது அது. உண்மையைச் சொன்னால் கதையின் மதிப்பு குறையாது. ஐந்து வயதுக் குழந்தைக்கோ தந்தை மகளைக் கொன்ற பகுதியே தேவையில்லை. ஜன்னலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

செய்து பார்க்க, ஆறேழு காலித் தீப்பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினால் கோபுரம் தயார். முன்பக்கம் மூன்று ஜன்னல்களைப் பென்சிலால் வரைந்து பெரியவர்கள் வெட்டிக் கொடுக்கலாம். மேல் பெட்டியின் இழுப்பறைக்குள் ஒரு சின்னக் காகிதப் பெண். பக்கவாட்டில் உரசும் மருந்துப் பட்டை இருக்குமே, அதைக் காலண்டர் தாளால் மூடி ஒட்டிவிடுங்கள். குச்சி ஒன்றுகூட உள்ளே இல்லை என்பதை முதலில் பெரியவர்தான் பார்க்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்யும்போது பாட்டியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் விரல்கள் உங்களைவிட வேகமாக ஒட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். 1970-80களில் இந்த வட்டாரத்துக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் விடியும் முன்பே வண்டி ஏறித் தீப்பெட்டி ஆலைகளுக்குக் குச்சி அடுக்கப் போனவர்கள். வீட்டில் இருந்த பிள்ளைகள் கூலிக்குப் பெட்டி ஒட்டினார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயது அது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆக, பாட்டிக்குப் பசையும் பெட்டியும் விளையாட்டுப் பொருளாக இருந்ததே இல்லை. பேத்தியோடு கோபுரம் ஒட்டும்போது அவரிடமிருந்து ஒன்றிரண்டு கதைகள் வரலாம். புனிதர் கதை பாதியில் நின்றாலும் பரவாயில்லை, அதைக் கேளுங்கள்.

டிசம்பர் 4-ல் விதை, 25-ல் குடில்

கிறிஸ்துமஸ் குடிலில் பச்சைப் புல் வேண்டும் என்று கேழ்வரகோ கடுகோ விதைத்து முளைக்க வைப்பது நம் வீடுகளில் வழக்கம்தான். பிரான்ஸ் நாட்டின் தெற்கே புரோவான்ஸ் பகுதியில் இதையே பார்பரா நாளில் செய்கிறார்கள். மூன்று சிறு தட்டுகளில் கோதுமையோ பயறோ விதைத்து, கிறிஸ்துமஸ் அன்று மேசையில் வைப்பார்கள். செழித்து வளர்ந்தால் வரும் ஆண்டு செழிப்பு என்று நம்பிக்கை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அன்று செர்ரி மரக்கிளையை வெட்டித் தண்ணீரில் வைத்து, கிறிஸ்துமஸுக்குப் பூக்கிறதா என்று காத்திருப்பார்கள். முளைப்பாரி வளர்த்துப் பழகிய மண்ணில் இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மூன்று சிரட்டைகளை எடுங்கள். கண் உள்ள பக்கமாகப் பார்த்து, அந்தக் கண்ணைக் குத்தி ஓட்டையாக்கினால் தண்ணீர் வடிந்துவிடும். வெறும் கரிசல் மண் போட்டால் இறுகிப் பாளமாகிவிடும். பாதிக்குப் பாதி மணலோ தேங்காய் நாரோ கலந்துகொள்ளுங்கள். இரவு ஊறவைத்த கம்பையோ கோதுமையையோ நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மண் மூடி, தினமும் கையால் தண்ணீர் தெளித்தால் போதும். 21 நாளில் நன்றாக உயர்ந்துவிடும். சாய்ந்தால் கத்தரிக்கோலால் முடி வெட்டுவது போலச் சீராக வெட்டிவிடலாம். கேழ்வரகு சீக்கிரமே வளர்ந்து துவண்டுவிடும். அதைப் பத்துப் பன்னிரண்டு தேதிக்கு மேல் விதைப்பது நல்லது.

சிறிய பிள்ளைக்கு ஒரு சிரட்டை, பெரிய பிள்ளைக்கு ஒன்று, மூன்றாவது அப்பாவுக்கோ அம்மாவுக்கோ. மூன்று ஜன்னலும் மூன்று சிரட்டையும் ஏன் என்று கேள்வி வந்தால், கதையைத் திரும்பச் சொல்ல ஒரு வாய்ப்பு. வெடிமருந்தின் பாதுகாவலருக்கு நெருப்பே இல்லாமல் ஒரு திருநாள் என்பது இதில் தனி அழகு.

"வேண்டிக்கிட்டா அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்லம்மா?"

இனி, முதலில் சொன்ன அந்தக் கூடுதல் யோசனைக்கு வருவோம்.

பட்டாசு ஆலைக்கு அப்பாவையோ அம்மாவையோ அனுப்பிவிட்டுப் பள்ளிக்குப் போகும் பிள்ளை, பாதுகாவலர் என்ற சொல்லை நம்மைப் போலக் கேட்காது. தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் வகுப்பறையே அமைதியாகிற ஊர்கள் இவை. அந்தப் பிள்ளையிடம், "பார்பராவிடம் வேண்டிக்கொள், எதுவும் நடக்காது" என்று சொல்வது எளிது. ஆனால், என்றாவது ஒருநாள் நடந்துவிட்டால், அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? "நான் சரியா வேண்டலையோ?" என்றுதான். பெரியவர்கள் யோசிக்காமல் சொன்ன ஒரு ஆறுதல், ஒரு குழந்தையின் தலையில் ஆயுளுக்கும் குற்ற உணர்வாக இறங்கிவிடக்கூடும். செபமாலை சொல்லிப் படுக்கும் வீடுகளிலும் துயரம் நடந்திருக்கிறது.

மெக்சிகோவில் துல்தெபெக் என்று ஓர் ஊர் உண்டு. அந்நாட்டின் சிவகாசி என்றே சொல்லலாம். அங்குள்ள பட்டாசுக்காரர்களின் பாதுகாவலர் புனித இறை யோவான். ஒவ்வொரு மார்ச்சிலும் அவர் பெயரால் பெரிய வாணவேடிக்கை விழா எடுக்கிறார்கள். அத்தனை பக்தியுள்ள அந்த ஊரின் பட்டாசுச் சந்தையில் 2016 டிசம்பர் 20 அன்று நடந்த வெடிவிபத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புனிதர் காப்பீட்டுப் பத்திரம் அல்ல என்பது அந்த ஊருக்கும் தெரியும். அதற்காக விழாவை அவர்கள் விடவுமில்லை.

அப்படியென்றால் பிள்ளைக்கு என்ன பதில்? "நாம வேண்டிக்குவோம். அப்பா பருத்திச் சட்டை போட்டுத்தான் போவார், செல்போனை உள்ளே கொண்டுபோக மாட்டார், சொன்ன அளவுக்கு மேல மருந்தைக் கையில் எடுக்க மாட்டார்." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். செபமும் பருத்திச் சட்டையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். பாலியஸ்டர் துணியில் உரசி வரும் சிறு மின்பொறிகூட மருந்தைப் பற்றவைக்கும் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தாராளமாக விளக்கலாம். நாளை காலை அப்பா எந்தச் சட்டை போடுகிறார் என்று அந்தப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்!

நெருப்புக்குள் போனவர் கதையை இங்கே எப்படிச் சொல்வது?

இறை யோவான் போர்ச்சுகலில் பிறந்து ஸ்பெயினின் கிரனாடா நகரில் வாழ்ந்தவர். தெருத்தெருவாகப் புத்தகமும் படமும் விற்றுப் பிழைத்தவர், பிறகு ஏழை நோயாளிகளுக்காகத் தன் வாழ்க்கையையே கொடுத்தார். நகரின் பெரிய மருத்துவமனை தீப்பிடித்தபோது உள்ளே ஓடி, நோயாளிகளை ஒவ்வொருவராகத் தோளில் சுமந்து வந்தார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற நிகழ்ச்சி. 1550 மார்ச் 8-ல் இறந்தார். 1690-ல் புனிதர் பட்டம். மருத்துவமனைகளுக்கும், செவிலியர்க்கும், தீயணைப்பு வீரர்களுக்கும், புத்தகம் விற்பவர்களுக்கும் பாதுகாவலர். அச்சும் பட்டாசும் சேர்ந்து ஓர் ஊரை வளர்த்திருக்கிறது என்றால், அந்த ஊருக்கு இவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பாரா என்ன?

ஆனால், நிறுத்துங்கள். இந்தக் கதையை வேறெங்கும் சொல்வது போல இங்கே சொல்லக் கூடாது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 35-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. புகையைப் பார்த்துக் காப்பாற்றவும், என்னவென்று பார்க்கவும் ஓடி வந்த அக்கம்பக்கத்து மக்கள். முதல் வெடிப்போடு முடிந்துவிட்டது என்று நினைத்து நெருங்கியபோது அடுத்தடுத்து வெடித்தது. "நல்லவர் தீக்குள் ஓடுவார்" என்ற கதையை மட்டும் மனதில் வைத்திருக்கும் பிள்ளை, இந்த மண்ணில் ஆபத்தில் இருக்கும் பிள்ளை.

அதனால் கதையோடு இதையும் சேருங்கள். "யோவான் போனது மருத்துவமனைக்குள். அங்கே எரிந்தது விறகும் துணியும். நம்ம ஊரில் எரிவது வெடிமருந்து. இங்கே உதவி என்பது, எதிர்ப்பக்கம் ஓடி, 101-க்கும் 108-க்கும் போன் செய்வது." இதை நாடகமாகவே நடித்துப் பார்க்கலாம். ஒரு பிள்ளை "புகை!" என்று கத்த, மற்றவர்கள் பக்கத்துத் தெரு வரை ஓடி, ஊர் பெயர், வட்டாரம், அடையாளம் மூன்றையும் தெளிவாகச் சொல்லும் பயிற்சி. அப்பாவின் போனை எடுத்து நிஜமாகவே கூப்பிட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இதே எச்சரிக்கை கேரளத்துப் புனித அல்போன்சா கதைக்கும் வேண்டும். சிறுமியாக இருந்தபோது எரியும் உமிக் குழியில் கால் வெந்துபோன நிகழ்ச்சி அவர் வாழ்க்கையில் வருகிறது. திருமணப் பேச்சைத் தவிர்க்க அவரே காலை வைத்தார் என்றும் சொல்வார்கள். சிறு பிள்ளைகளிடம் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டாம். நோயிலும் சிரித்த முகமாக இருந்த கன்னியாஸ்திரீ என்று சொல்ல அவர் வாழ்க்கையில் வேண்டிய அளவு இருக்கிறது.

வாளியோடு நிற்கும் புனிதர்

பட்டாசு மாவட்டப் பிள்ளைகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொருவர் ஃபுளோரியன். இன்றைய ஆஸ்திரியப் பகுதியில் ரோமானியப் படையில் இருந்தவர். 304-ம் ஆண்டு வாக்கில், விசுவாசத்தை மறுக்காததால் கழுத்தில் கல்லைக் கட்டி ஆற்றில் தள்ளப்பட்டார். படங்களில் எப்போதும் கையில் ஒரு வாளியோடு, எரியும் வீட்டின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பார். தீயணைப்பு வீரர்களின் பாதுகாவலர். அவருடைய நாள் மே 4. நம்மூரில் கத்திரி வெயில் தொடங்குவதும் அநேகமாக அதே நாளில்தான்!

அன்று ஒரு பழைய பெயின்ட் வாளியைக் கழுவி, பிள்ளைகளையே சாயம் பூசச் சொல்லி, 'ஃபுளோரியன் வாளி' என்று எழுதி வைக்கலாம். இன்னொன்றில் மணல். தீபாவளி வரை அது பாட்டுக்கு முற்றத்தில் இருக்கட்டும். வாளியில் தண்ணீர் இருக்கிறதா, கொசு முட்டையிடாமல் மாற்றியாயிற்றா என்று வாரம் ஒருமுறை பார்ப்பது பிள்ளையின் பொறுப்பு. பட்டாசு ஆலை அறைகளின் வாசலில் தண்ணீரும் மணலும் வைத்திருப்பதை அம்மா சொன்னால், பிள்ளைக்கு வீட்டு வாளி இன்னும் முக்கியமாகிவிடும்.

இதோடு தீக்காய முதலுதவியையும் கற்றுக்கொடுத்துவிடலாம். தீக்காயம் பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதுவும் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனை. இருபது நிமிடம் என்பது பிள்ளைகளுக்கு நீளமான நேரம். ஒருமுறை கையைச் சும்மாவே குழாயடியில் நீட்டி, ஐந்து பத்து மணி செபமாலை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், அளவு பிடிபட்டுவிடும். தண்ணீர்ப் பஞ்சக் காலத்தில் வேண்டாம். விருதுநகரில் குடத்துத் தண்ணீரின் அருமை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

தீபாவளிக்கு மறுநாள் தெருவில் வெடிக்காமல் கிடக்கும் பட்டாசுகளைப் பொறுக்கி, பிரித்து, மருந்தைக் கொட்டிப் பற்றவைப்பது இந்தப் பக்கத்துப் பையன்களின் ரகசிய விளையாட்டு. கைவேலைக்காக ஆலையிலிருந்து திரி, குழாய், வண்ணத்தூள் என்று எதையும் வீட்டுக்குக் கொண்டுவருவதும் அதே ஆபத்துதான். புனிதர் கைவேலை எதிலும் நிஜ நெருப்பு வேண்டாம். மெழுகுவர்த்தி தேவைப்பட்டால் காலண்டர் தாளைச் சுருட்டி, மேலே மஞ்சள் காகிதச் சுடர் ஒட்டிக்கொள்ளலாம். அந்தோணியாருக்கு ஏற்றும் நிஜ மெழுகுவர்த்தி செவ்வாய்க்கிழமை நவநாளில் ஆலயத்தில் எரியட்டும்.

சின்னப்பன் தாத்தா பெயருக்கு என்ன அர்த்தம்?

செலவே இல்லாத, சிரிப்புக்குப் பஞ்சமில்லாத ஒரு விளையாட்டு இது. குடும்பத்தில் இருக்கும், இருந்த எல்லோருடைய பெயர்களையும் எழுதி, ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒளிந்திருக்கும் புனிதரைக் கண்டுபிடிப்பது.

சவரிமுத்து, சவரியம்மாள் என்றால் சவேரியார். சூசை என்றால் யோசேப்பு. இன்னாசி, லொயோலா இஞ்ஞாசியார். சந்தியாகு என்பது யாக்கோபு. இதுவரை எளிது. சின்னப்பன்? பவுல் என்ற பெயருக்குச் சிறியவர் என்று பொருள், அதனால் நம் முன்னோர் அவரைச் சின்னப்பர் ஆக்கிவிட்டார்கள். ராயப்பன் என்பது பேதுரு, பாறை என்ற பொருளில் வந்தது. முடியப்பன் என்பது ஸ்தேவான். அந்த கிரேக்கப் பெயருக்கு முடி, கிரீடம் என்று அர்த்தம். அருளப்பன், யோவான். தேவசகாயம் என்பது லாசர் என்ற பெயரின் தமிழ். கடவுள் உதவி என்று பொருள்.

இந்தப் பெயர்களை வைத்த தலைமுறையிடம் இருந்த மொழிநயம் அலாதியானது. இன்று ஆல்வின், ஜோவிட்டா என்று பெயர் வைத்த பிள்ளைகளும் இந்த விளையாட்டில் ஜெயிக்கலாம். அவர்களுடைய திருமுழுக்குப் பெயர் என்ன என்று தேட வேண்டியிருக்கும், அதற்குப் பாட்டி வேண்டும்.

பழைய கல்யாணப் பத்திரிகைகள் சிவகாசி வீடுகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அவற்றின் வெற்றுப் பக்கத்தை அட்டைகளாக வெட்டி, ஒன்றில் தமிழ்ப் பெயர், இன்னொன்றில் புனிதர் பெயர் எழுதிக் கவிழ்த்து வைத்தால் ஜோடி சேர்க்கும் ஆட்டம் தயார். ஆறு வயதிலிருந்து எண்பது வயது வரை ஒன்றாக உட்காரலாம். பக்கத்து வீட்டு முருகேசனும் மாரியம்மாளும் வந்து உட்கார்ந்தால், அவர்கள் பெயரின் கதையையும் கேட்டுவிடுங்கள். ஆட்டம் இன்னும் நன்றாக இருக்கும்.

பஸ் தூரத்தில் மூன்று பேர்

புனிதர்கள் என்றால் ரோமிலும் பாரீசிலும் இருந்தவர்கள் என்று நினைக்கும் பிள்ளைக்கு, மாவட்ட வரைபடத்தை எடுத்துக் காட்டுங்கள். இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த ராமநாதபுரத்தின் ஓரியூரில்தான் 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் தலை வெட்டப்பட்டு இறந்தார். லிஸ்பனில் பிறந்தவர். சிறு வயதில் கடும் நோயிலிருந்து பிழைத்ததற்கு நேர்ச்சையாக, அம்மா அவருக்கு ஓராண்டு இயேசு சபைத் துறவி உடையைத் தைத்துப் போட்டாராம். வளர்ந்து மதுரை மறைப்பணிக்கு வந்து, காவி கட்டி, புலால் விட்டு, தமிழ் பேசினார். அவர் இரத்தம் சிந்தியதால் ஓரியூர் மண் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. நம் கரிசலையும் எங்கிருந்தாவது கொஞ்சம் செம்மண்ணையும் தண்ணீரில் தனித்தனியாகக் கரைத்துத் தூரிகையால் தொட்டால் இரண்டு வண்ணம். அதில் அவர் கதையை வரைந்தால் காசு கொடுத்து வாங்கும் வாட்டர் கலர் தோற்றுவிடும்.

கன்னியாகுமரி செல்லும் நான்கு வழிச்சாலையில் தெற்கே போனால் ஆரல்வாய்மொழி. அங்குள்ள காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்டவர் தேவசகாயம். திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்த குடும்பஸ்தர். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் பெற்றார். இந்தியாவில் துறவி அல்லாத ஒருவருக்கு இது கிடைத்தது அதுவே முதல் முறை. அந்த மலையில் தட்டினால் மணி போல ஒலிக்கும் பாறை இருக்கிறது, மணியடிச்சான் பாறை. அடுத்த பொங்கல் லீவில் போய்த் தட்டிப் பாருங்கள். அதுவரை முற்றத்துக் கற்களில் எது மணி போலச் சத்தம் தருகிறது என்று பிள்ளைகள் தேடட்டும்.

மூன்றாமவர், டிசம்பர் 3-க்குரிய சவேரியார். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. உதவிக்கு ஆள் வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். பிறகு அந்தப் பிள்ளைகளிடமே, "வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்றார். நம் கடற்கரையில் அந்த வேலையைப் பாதி செய்து முடித்தவர்கள் குழந்தைகள்தான். அன்று ஒருநாள் உங்கள் வீட்டிலும் மணி பிள்ளையின் கையில் இருக்கட்டும். பெரியவர்கள் தரையில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். ஆசிரியர் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்போனை விட்டு நகராத பிள்ளைக்கு ஒரே ஒரு பெயர்: கார்லோ அகுதிஸ். கம்ப்யூட்டரில் நற்கருணை அற்புதங்களைத் தொகுத்தவர், 15 வயதில் 2006-ல் இறந்தவர், 2025 செப்டம்பர் 7-ல் புனிதர் ஆனவர். ஜீன்ஸ் போட்ட புனிதரின் படத்தைப் பார்த்த பிறகு அவர்களே தேடிக்கொள்வார்கள்.

மே 1: சூசையப்பரும் அம்மாவின் கைகளும்

தச்சரான சூசையப்பரைத் தொழிலாளர்களின் பாதுகாவலராகக் கொண்டாட, 1955-ல் திருத்தந்தை 12-ம் பயஸ் மே 1-ஐத் தேர்ந்தெடுத்தார். தமிழுக்கு இவர் தனிப்பட்ட சொந்தம். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியின் தலைவனாக வீரமாமுனிவர் வைத்தது இந்தத் தச்சரைத்தான்.

அன்று பெரும்பாலான ஆலைகளுக்கு லீவு. அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருப்பார்கள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர்களுடைய உள்ளங்கையை வைத்துப் பென்சிலால் ஓரம் வரையச் சொல்லுங்கள். ஐந்து விரலுக்கும் ஐந்து கேள்வி: காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய், வேலையில் என்ன செய்கிறாய், எது பிடிக்கும், எது கஷ்டம், எதற்குப் பயம்? சங்குசக்கரம் சுற்றுகிற அம்மாவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்று பல பிள்ளைகளுக்குத் தெரியாது. மேசன் வேலைக்கும், அச்சகத்துக்கும், கடைக்கும் போகிற வீடுகளிலும் இதே ஐந்து கேள்விதான்.

ஐந்தாவது விரலில் என்ன பதில் வந்தாலும் அப்படியே எழுதட்டும். அம்மா "பயமெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொன்னால் பிள்ளை நம்பாது. "சித்திரை வெயில்ல கொஞ்சம் பயமாத்தான் இருக்கும், அதான் மத்தியானத்துக்கு முன்னாடி மருந்து வேலையை முடிச்சுருவோம்" என்று சொன்னால் நம்பும். எழுதி முடித்த தாளை வீட்டுப் பீடத்தின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த ஆண்டு அதன் மேலேயே தன் கையை வைத்து எவ்வளவு வளர்ந்திருக்கிறோம் என்று பிள்ளை அளந்து பார்க்கும்.